தியாகதுருகமும் மேலைநாட்டு முடிமன்னர்களும்

வரலாறு என்றவுடன் மாணவர்தம் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது மன்னர் பெயர்ப் பட்டியலும் ஆண்டுக் கணக்குமே ஆகும். பிரெடெரிக், மரியா தெரேசா, பதினாறாம் லூயி, நெப்போலியன் எனப் பொது அறிவு நூல்கள் அடுக்கும் பெயர்களைத் தேர்வுக்கு முன் மனனம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்து விடுகிறோம். அவர்கட்கும் நமக்கும் என்ன தொடர்பு என்னும் வினா நம்முள் எழுவதில்லை. ஆயின், அத்தொடர்பு நம் கண்ணெதிரே கல்லாய் நிற்கிறது. சேலம் உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சியை அடுத்துள்ள தியாகதுருகம் மலைக்கோட்டையே அது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றின் திருப்புமுனைகள் ஒவ்வொன்றும் இக்கோட்டையையோ இதனைச் சூழ்ந்த நிலத்தையோ தொட்டுச் சென்றுள்ளன. அவற்றை ஈண்டு முறையே காண்போம்.

கோட்டையின் இன்றியமையாமை

கல்வராயன் மலைத்தொடரின் வடபால் செங்கம் கணவாயும் தென்பால் ஆத்தூர்க் கணவாயும் உள்ளன. மைசூரிலிருந்தும் பாரமகாலிலிருந்தும் கருநாடகச் சமவெளிக்கு இறங்கும் படைகட்கு இவையிரண்டும் இயல்பான வாயில்கள். அவ்வாயில்கட்கு எதிரே காவல் நின்றது தியாகதுருகம். இதனைக் கைக்கொண்டோர் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வழியைக் கைக்கொண்டோர் ஆவர். எனவேதான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் இப்பாறைக்காக மாறி மாறிப் போரிட்டனர்.

வியன்னாவில் ஒரு மரணம்

1740ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் மறைந்தார். அவர்தம் மகள் மரியா தெரேசாவின் உரிமையை மதியாது, பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் சைலீசியாவைக் கைப்பற்றினார். இவ்வாறு மூண்ட வாரிசுரிமைப் போரில் பிரான்சு பிரஷ்யாவுடனும் இங்கிலாந்து ஆஸ்திரியாவுடனும் நின்றன. அதன் அலை சோழமண்டலக் கரையை எட்டியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1748இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு மாற்றாகச் சென்னை ஆங்கிலேயரிடமே திரும்பிற்று. தம் ஊர் பண்டமாற்றுப் பொருளாயிற்று என்பதைச் சென்னை மக்களிடம் கேட்டவர் எவருமிலர்.

ஐரோப்பாவில் அமைதி பிறந்தும் இங்கு அமைதி பிறக்கவில்லை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரரும், முகம்மது அலி வாலாஜாவை ஆங்கிலேயரும் தாங்கி நின்றனர். உடன்பிறந்தாரனைய இருவரிடையே அயலார் புகுந்தால் வீடு யாருடையதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஏழாண்டுப் போர்

1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. முன்னர்ப் பகைவராயிருந்த ஆஸ்திரியாவும் பிரான்சும் இப்போது நண்பராயின. பிரெடெரிக்கோ இங்கிலாந்துடன் சேர்ந்தார். ஐரோப்பாவில் அணிகள் மாறினும் இங்கிலாந்து பிரான்சுப் பகை மட்டும் மாறவில்லை. அப்பகை தியாகதுருகத்தின் மேல் நேரே வந்து விழுந்தது.

பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இக்கோட்டையை, 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் தோற்றபின், தளபதி லாலி ஹைதர் அலியின் உதவிக்கு விலையாக மைசூர்ப் படையிடம் ஒப்படைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கு எதிராகக் கலகம் மூளவே மைசூர்ப் படை திரும்பியது. கோட்டை மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. பின்னர் மேஜர் பிரெஸ்டனின் ஆங்கிலப் படை 65 நாள்கள் முற்றுகையிட்டு அதனைப் பணிய வைத்தது. புதுச்சேரி 1761 ஜனவரி 16இல் வீழ்ந்தது.

தமிழ்த்துறையினராகிய நாம் இங்கு ஒரு பெருமகனாரை நினைத்தல் தகும். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். மேலை மன்னர்தம் போரும் உறவும் கப்பலேறி இக்கரை சேர்ந்த வகையை நம் மொழியிலேயே அறிய அந்நூல் துணை செய்கிறது. புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள்களின் முன் அவர் மறைந்தார்.

அமெரிக்க விடுதலையும் ஹைதரும்

1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியை உதறி விடுதலை அறிவித்தன. 1778இல் பிரான்சு அவற்றின் பக்கம் சேர்ந்தது. உடனே ஆங்கிலேயர் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்தம் ஊர்களைத் தாக்கினர். ஹைதருக்குப் போர்க்கருவிகள் வந்திறங்கிய மாஹி 1779இல் அவர்கள் கைப்பட்டது. வெகுண்ட ஹைதர் 1780இல் செங்கம் கணவாய் வழியே பெரும்படையுடன் இறங்கினார். அப்போரில் தியாகதுருகமும் அவர் வசமாயிற்று.

இப்போரை வீரக் கதையாக மட்டும் சொல்லுதல் முறையன்று. படைகள் சென்ற வழியெங்கும் விளைநிலம் பாழாயிற்று, பஞ்சம் பரவியது. 1783இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டுக் கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டதெனச் செய்தி வந்தது. பிரெஞ்சுப் படை வாளை உறையிலிட்டது. தந்தையை இழந்து அரியணையேறியிருந்த திப்பு சுல்தான் தனித்து விடப்பட்டார்.

பாரிசின் புரட்சியும் திப்புவும்

1788இல் திப்புவின் தூதர் மூவர் வெர்சேல்சு அரண்மனையில் பதினாறாம் லூயியைக் கண்டனர். சிறப்பான வரவேற்புக் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஜூலை 14இல் பாஸ்டில் சிறை தகர்ந்தது.

1790இன் இறுதியில் மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு, அந்நாளில் ஆங்கிலேயர் வசமிருந்த தியாகதுருகத்தைத் தாக்கினார். கேப்டன் பிளின்ட் அத்தாக்குதலை முறியடித்தார். அங்கிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் சென்ற சுல்தான், லெஜே என்னும் பிரெஞ்சு அதிகாரியைத் தூதனுப்பி ஆறாயிரம் வீரரை வேண்டினார். அமெரிக்கப் போரில் தலையிட்டதன் கேட்டை நினைந்து பதினாறாம் லூயி அதனை மறுத்தார் என்பர். தம் அரியணையே ஆடிக் கொண்டிருந்த மன்னர் பிறர் அரியணையை எங்ஙனம் தாங்குவார்? 1793இல் அவரே கொலைமேடை ஏறினார்.

1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். திப்புவுக்கு அவர் எழுதிய மடல் ஆங்கிலேயரிடம் சிக்கியது. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் திப்பு போரிட்டு வீழ்ந்தார். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடும் கும்பினி ஆட்சிக்குள் சென்றது. கும்பினியை எதிர்த்தவர், கும்பினியைச் சார்ந்தவர் ஆகிய இருவர் ஆட்சியும் ஈராண்டு இடைவெளியில் முடிந்தமை எண்ணத்தக்கது.

மலைமேல் எட்டாத புரட்சி

1789 ஆகஸ்ட் 4ஆம் நாளிரவு பிரெஞ்சு தேசிய சபை நிலப்பிரபுக்களின் உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தது. மேலை வரலாற்றின் மாபெரும் திருப்புமுனை அது. ஆனால், தியாகதுருகத்திற்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில் ஜாகிர்தாரர் ஆட்சி அதன்பின்னும் தொடர்ந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்ற பின்னரும் தொடர்ந்தது. 1976இல்தான் அம்மலை ஊர்கள் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. பாரிசின் அவ்விரவுக்கும் கல்வராயன் மலையின் விடிவுக்கும் இடையே 187 ஆண்டுகள். போரின் தீமை சில திங்களில் கடல் கடந்து வந்தது. உரிமையின் நன்மையோ மலையேற இரு நூற்றாண்டு எடுத்துக் கொண்டது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. தொலைவிலுள்ள வேந்தரின் துணையை நம்பித் தம்முள் பிளவுபட்டோர், அத்துணை கிட்டாதபோது தனித்து வீழ்ந்தனர் என்பது ஒன்று. நம் நிலத்தின் ஊழை நாம் அறியாத மாளிகைகளில் அயலார் வகுத்தனர் என்பது மற்றொன்று. அறியாமையே அதற்கு இடமளித்தது.

எனவே, மாணவச் செல்வங்களே! மேலைநாட்டு மன்னர் ஒருவரின் பெயரையோ ஆண்டையோ படிக்குந்தோறும், அவ்வாண்டில் நம் ஊர் எவர் கையில் இருந்தது, நம் உழவர் என்ன உண்டனர், நம் மலைவாணர் எவருக்கு வரி செலுத்தினர் என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அவ்வினாவை வகுப்பறையில் எழுப்புதல் வேண்டும். சமுதாயப் பெரியோர் தாம் கேட்டறிந்த ஊர்ச் செய்திகளை இளையோர்க்கு உரைத்தல் வேண்டும். அந்நாளில் 1760 என்பதும் 1789 என்பதும் வெறும் எண்களாய் நில்லா. நம் முன்னோரின் வாழ்வாகவே விளங்கும்.