அறுமீன் வண்டி

எங்கள் வீட்டுக் கொட்டகையில் வைக்கோல் போருக்கும் பம்புசெட் சாமான்களுக்கும் நடுவில் நிற்கிற வண்டியைப் பார்த்தவர்கள் தவறாமல் கேட்பது: "டீச்சர், இது என்ன வண்டி?" முகப்பில் செவர்லேயின் தங்க நிறச் சின்னம். ஆனால் பானெட்டைத் தூக்கினால் உள்ளே படுத்திருப்பது சுபாரு. நான் வாங்கி மாட்டிய ஒரிஜினல் பாகங்களின் அட்டைப் பெட்டி ஒவ்வொன்றிலும் நீல நீள்வட்டத்துக்குள் ஆறு நட்சத்திரம் இருக்கும். ஒன்று பெரியது, ஐந்து சின்னது.

சுபாரு என்பது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர். ஒன்று சேர்தல் என்றும் பொருள் உண்டு. 1953-இல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரே கம்பெனியானதைத்தான் அந்தச் சின்னம் சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பாபநாசம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வளர்த்த பிள்ளை சுவாமிமலையில், கூப்பிடு தூரத்தில் நிற்கிறான். வண்டிக்கு முதல் பூஜை அங்கேதான் போட்டோம், இந்த விஷயம் தெரியாமலேயே.

சுபாரு தன் பெயரில் இந்தியாவில் கடை திறந்ததில்லை. 1999 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஜப்பான் கம்பெனியில் 20 சதவீதப் பங்கை வாங்கியது. 2003-இல் செவர்லே என்ற பெயர் இந்தியாவுக்கு வந்தபின், சுபாரு ஃபாரஸ்டரின் மூக்கில் செவர்லே சின்னத்தை ஒட்டி இங்கே விற்றார்கள். இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பங்கை விற்றுவிட்டது. 2017-இல் செவர்லேயும் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. பெற்றவர்கள் ஜப்பானில், பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவில், பிள்ளை பாபநாசத்தில்.

2012-இல் சென்னையில் ஒருவர் வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் தள்ளிவிட்டதை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், திறக்கத் தெரியாது. திறக்கிற வேலை என்னுடையதாயிற்று. நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். அதைவிட முக்கியம், ஆயில் எஞ்சின் வைத்திருந்தவரின் மகள். பத்து வயதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்த கை இது. எஞ்சின் ஓடும்போது திருப்புளியின் நுனியை அதன் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லுவார். "கேக்குதா? எங்க தட்டுதுன்னு சொல்லு." தவறாகச் சொன்னால் அன்றைக்கு வடை கிடையாது.

இந்த எஞ்சினின் விசேஷம் அது படுத்திருப்பது. மாருதியிலோ அம்பாசடரிலோ சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும், பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும். இதிலோ இரண்டு சிலிண்டர் இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம் படுக்கை. எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரும், ஒரே நேரத்தில் வெளியே போகும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துப் புடவை மடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து நெருங்குவார்கள், சேர்ந்து விலகுவார்கள். ஒருத்தி இழுப்பை மற்றவள் இழுப்பு சமன் செய்துவிடும். அதனால் ஆட்டம் குறைவு. எஞ்சின் தாழ்வாகக் கிடப்பதால் வளைவில் வண்டி சாய்வதும் குறைவு. சுபாரு 1966 முதல் இந்த அமைப்பை விடவில்லை.

மடிந்து கிடக்கிற புடவைக்கும் ஒரு தொல்லை உண்டு. ஸ்பார்க் பிளக்குகள் மேலே இல்லாமல் சாஸியின் பக்கச் சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. ஒரு பக்கம் பேட்டரியையும் மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றினால்தான் கை போகும், அதுவும் என் கை. என் வீட்டுக்காரருடைய கை போகாது. வால்வு கவர் பக்கவாட்டில் இருப்பதால் அதன் கேஸ்கட் கொஞ்சம் இறுகிப்போனாலும் எண்ணெய் கசிந்து நேராகச் சூடான புகைக்குழாயின் மேல் சொட்டும். சிக்னலில் நிற்கும்போது பஜ்ஜிக் கடை வாசனை வந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம்.

2016 சித்திரையில்தான் இந்த வண்டி என்னிடம் உண்மையில் வந்து சேர்ந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பட்டறையில் ரேடியேட்டர் ஹோஸ் மாற்றியிருந்தோம். அய்யம்பேட்டை தாண்டும்போது வெப்ப முள் ஏறியது. ஓரம் கட்டுவதற்குள் சட்டென்று இறங்கியது. மறுபடி ஏறியது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பையன் செல்போனைக் காட்டினான்: சுபாரு என்றால் ஹெட் கேஸ்கட் போகும், உலகத்துக்கே தெரியும். "எஞ்சின இறக்கணும் டீச்சரம்மா, ஒரு லட்சத்துக்குக் கொறையாது."

அவன் சொன்னதில் பாதி உண்மை. இதே குடும்பத்தின் இரண்டரை லிட்டர் எஞ்சின் ஹெட் கேஸ்கட் கசிவுக்குப் பேர் போனது. நம்முடையது இரண்டு லிட்டர். அதுவும் போகலாம், ஆனால் போனால் அடையாளம் காட்டும்: ரிசர்வ் டப்பாவில் ஓயாமல் குமிழி வரும், கூலண்டில் புகை நாறும், எண்ணெய் பாலூற்றினாற்போல வெளுக்கும், பின்னால் வெள்ளைப் புகை வரும். குமிழியைத் தவிர வேறொன்றும் இல்லை. என்னை உறுத்தியது அந்த முள். கேஸ்கட் போன எஞ்சின் சூடேறிக்கொண்டே போகத்தானே வேண்டும், இது ஏன் ஊஞ்சலாடுகிறது?

வண்டியை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை பம்புசெட்டில் தண்ணீர் ஏறவில்லை. ஃபுட்வால்வு கசிந்து காற்றுப் பிடித்திருந்தது. எங்கள் ஆள் டெலிவரி குழாயில் சாணித் தண்ணீரைக் கரைத்து ஊற்றிக்கொண்டே, "ஏர் புடிச்ச பம்பு தண்ணி எடுக்காதும்மா" என்றார், எனக்குத் தெரியாத விஷயம்போல. ஊற்றுகிற சத்தத்தில்தான் உறைத்தது. காரிலும் இருப்பது அதே சுழலி பம்புதானே! காற்றில் எவ்வளவு சுற்றினாலும் அது எதையும் தள்ளாது. வெப்பம் பார்க்கிற சென்சார் ஒருமுறை தண்ணீரில் நனையும், ஒருமுறை காற்றில் நிற்கும். முள் ஊஞ்சலாடாமல் என்ன செய்யும்?

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. சித்திரை வெயிலில், தஞ்சாவூர் ஜில்லாவில், காருக்குள் ஹீட்டரைப் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் திண்ணைக்குப் போய்விட்டார். எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரில் வருவதோ வெளிக்காற்று. அந்தக் குழாய்க்குச் சுடுதண்ணீர் போய்ச் சேரவில்லை. காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது.

நின்ற எஞ்சினில் காற்று தானாக மேலே வந்து ரேடியேட்டர் மூடி வழியாகப் போய்விடும். படுத்த எஞ்சினில் அது மூலை முடுக்கெல்லாம் ஒளிந்துகொள்ளும். எஞ்சின் நன்றாக ஆறியபின்தான் மூடியைத் தொட வேண்டும்; சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. வாய்க்கால் கரைச் சரிவில் முன்பக்கம் உயரும்படி வண்டியை ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கழற்றி, அந்த ஹோஸ் வழியாகவே எஞ்சினுக்குள் கூலண்டை ஊற்றினேன். டம்ளர் டம்ளராக, சங்கில் பால் புகட்டுகிற வேகத்தில். அது நிறைந்து தளும்பிய பிறகு ஹோஸை மாட்டி, ரேடியேட்டர் தலையிலிருக்கிற சின்னக் காற்றுத் திருகைத் திறந்துவைத்து மிச்சத்தை ஊற்றினேன். முன்பு பட்டறையில் மூடியைத் திறந்து மேலாக ஊற்றி, நிறைந்துவிட்டது என்று மூடியிருக்கிறார்கள். நான் கூடுதலாக ஊற்றியது கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் வந்தது. ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரம் குமிழி, அப்புறம் அதுவும் இல்லை. ஹீட்டரில் அடுப்படி அனல். முள் பாதிக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. செலவு, ஒரு கேன் கூலண்ட்.

அதற்குப் பிறகு வண்டியை யாரிடமும் விடவில்லை. பாகங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் ஜாதி மதம் கிடையாது. சீலின் முதுகில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் இருக்கும்; அதைக் குறித்துக்கொண்டு திருச்சியில் கேட்டால் டிராக்டருக்கோ ஆட்டோவுக்கோ வந்தது பொருந்திவிடும். சுபாருவுக்கே உரியது மட்டும் துபாயிலிருக்கும் சின்னம்மா மகனின் பெட்டியில் வரும். அங்கே சுபாரு சாதாரண வண்டி. வாட்ஸாப்பில் பாகத்தின் எண்ணை அனுப்புவேன். "அக்கா, எல்லாரும் சென்ட்டு கேப்பாங்க, நீ மட்டும் நட்டு கேக்குற" என்பான்.

டயரில் கண்டிப்பு வேண்டும். பஞ்சர் கடைக்காரர் "முன்னாடி ரெண்ட மட்டும் மாத்துவோம்" என்றார். மற்ற வண்டிக்குச் சரி. இதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல், அதற்குள் கெட்டித் திரவம் நிரப்பிய ஒரு கப்ளிங். புது டயர் கொஞ்சம் பெரியது, தேய்ந்தது சிறியது. இரண்டும் வேறு வேகத்தில் சுற்றினால் அந்தத் திரவம் ஓயாமல் சூடாகிக் கடைசியில் கப்ளிங் இறுகிவிடும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். கோளாறானால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போகவும் கூடாது. அந்த நான்கு சக்கர இழுவையின் அருமை 2018 நவம்பரில் தெரிந்தது. கஜா புயல் அடித்த மறுவாரம் பட்டுக்கோட்டை பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குத் தண்ணீர் கேன்களோடு போனோம். விழுந்த தென்னைகளைச் சுற்றித் தோப்புச் சேற்றில் இறங்கி ஏறியது வண்டி.

டெல்டாவுக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. எந்த ஜப்பான் புத்தகத்திலும் இவை இல்லை. அறுவடை முடிந்ததும் உளுந்துச் செடியையும் வைக்கோலையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. அது அடியில் சுழலும் தண்டில் கயிறு திரித்தாற்போலச் சுற்றிக்கொள்ளும், புகைக்குழாயில் பட்டால் பற்றிக்கொள்ளும். மாசி, பங்குனியில் வீடு திரும்பியதும் கருக்கரிவாளோடு வண்டிக்கு அடியில் போவது என் வழக்கம். மற்றது எலி. வயலில் அறுப்பு முடிந்து பசி வந்தால் அவை எஞ்சினின் கதகதப்புக்கு வந்து ஒயரைக் கடிக்கும். நாஃப்தலின், புகையிலை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கேட்டது தஞ்சாவூர்க் கிட்டி ஒன்றுதான். மூங்கிலை வில்லாக வளைத்து வயலில் வைக்கிற அதே பொறி, கொட்டகையில் நான்கு மூலைக்கும் நான்கு.

மாற்றிக் கட்டுகிற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் அளவோடு. லேத் பட்டறையில் தகடு வளைத்து எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கவசம் போட்டேன், வரப்பு இடிக்காமல் இருக்க. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆனபோது, பழைய ரப்பருக்கு அது ஆகாது என்று எரிபொருள் ஹோஸ் முழுவதையும் மாற்றினேன். அதோடு சரி. "பெட்ரோலு கட்டுப்படியாவாது டீச்சரம்மா, டீசல் எஞ்சின எறக்கிடுவோம்" என்பார் லேத்காரர். அந்தக் காலத்தில் அம்பாசடரில் மெட்டடார் டீசல் எஞ்சினை இறக்கிய ஊர்தானே இது. எஞ்சின் வகையை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் முன் அனுமதி வேண்டும். தயாரித்தவர் தந்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பதினைந்து வயதைத் தாண்டிய வண்டி. ஐந்து வருஷத்துக்கொருமுறை ஆர்.சி. புதுப்பிக்க அதிகாரி முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஆனால் நான் மறுப்பதற்குக் காரணம் சட்டமல்ல. அந்தப் படுத்த எஞ்சினை எடுத்துவிட்டால் அது வெறும் பழைய செவர்லே.

இப்போது டைமிங் பெல்ட் வேலை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். விசிறிகளைக் கழற்றி, இருபத்திரண்டு எண் போல்ட்டை அப்பாவின் குழாய்த் துண்டை ஸ்பானரில் மாட்டி நெம்பி, கவர்களை எடுத்தாயிற்று. கிராங்க் பல்சக்கரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதை நம்பி மாட்டினால் தொலைந்தோம். நேர்ப்படுத்த வேண்டியது விளிம்பிலிருக்கிற மெல்லிய கோட்டை. டென்ஷனரை வைஸில் நிமிர்த்தி வைத்து, மூச்சுவிடுகிற வேகத்தில் அழுத்தி, ஊசி செருகி வைத்திருக்கிறேன். அவசரமாக அழுத்தினால் உள்ளே சீல் போய்விடும். மாட்டி முடித்ததும் சாவியைத் தொடாமல் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் கணக்கு தப்பு.

சின்னம்மா மகன் இந்த முறை கொண்டுவந்தது வேறு கம்பெனி பெல்ட். ஒரிஜினலில் மூன்று வெள்ளைக் கோடுகள் அச்சடித்திருக்கும், இதில் இல்லை. அதனால் பழைய பெல்ட்டையும் புதியதையும் திண்ணையில் பக்கம் பக்கமாக விரித்து, கோட்டுக்குக் கோடு பல்லை எண்ணி, சாக்பீஸால் குறித்துக்கொண்டிருக்கிறேன். முதலிரண்டு கோடுகள் சரியாக வந்துவிட்டன. மூன்றாவதுக்கு எண்ணும்போது முப்பத்தேழோ முப்பத்தெட்டோ, உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"காப்பி ஆறுது."

மறுபடி ஒன்றிலிருந்து.