சிங்க் ஓரத்தில் ஒரு சனி!

திருநள்ளாற்றில் குடியிருப்பவனுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சொந்தக்காரர்கள் யாருக்காவது ஏழரைச் சனி ஆரம்பித்தால், அது முதலில் வந்து இறங்குவது நம் வீட்டில்தான்! வெள்ளிக்கிழமை ராத்திரி பெட்டியோடு வருவார்கள். சனிக்கிழமை விடியற்காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நளதீர்த்தத்தில் முழுக்கு. கட்டிய துணியை அங்கேயே விட்டுவிடுவது வழக்கம். எங்கள் வகையறா கொஞ்சம் சிக்கனம். பழைய துண்டு ஒன்றைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் எங்கள் வாஷிங் மெஷினுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மெஷின் இருப்பது கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில். சுவரை ஒட்டி ஒரு கிரானைட் பலகை, அதில் சிங்க், கீழே ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் சோப்புத்தூள் வைக்க ப்ளைவுட் அலமாரி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது... பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்தச் சுண்டுவிரல் சந்தைத் தவிர!

முதலில் கரப்பான் குடிவந்தது. அடுத்து அலமாரிக் கதவு, பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு மூட மறுத்தது. "என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் மனைவி. பார்த்தேன். வெள்ளை சிமென்ட் கரைத்து அப்பினேன். மூன்று வாரம் பிரமாதமாக இருந்தது. பெரியப்பா குடும்பம் வந்துபோன மறுநாள், தலைமுடி கனத்தில் நெடுக ஒரு விரிசல். அடுத்து எம்-சீல் பிசைந்து அடைத்தேன். அது கல் மாதிரி இறுகி, கல் மாதிரியே சுவரைவிட்டுப் பெயர்ந்து வந்தது. 'போகட்டும், சொட்டுத் தண்ணிதானே' என்று விட்டுவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

ஒருநாள் காலை அம்மா கையை உதறிக்கொண்டு வந்தாள். "டேய், அந்தச் சுவத்துல கை வச்சா எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்குங்குதுடா." போய்ப் பார்த்தேன். எறும்பைக் காணோம். ஈரச் சுவரும், மெஷினுக்குப் பின்னால் த்ரீ பின் பிளக்கும்தான் இருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்து பாக்ஸைத் திறந்தார். உள்ளே துருவும் தண்ணீர் முத்துக்களும். "அம்மா பொழச்சதே பெரிசு ஸார். ஈரக்காலோட நின்னிருந்தாங்கன்னா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பிளக்கைப் பலகைக்கு மேலே தள்ளி உயரத்தில் மாற்றினார். எர்த்தைச் சரிபார்த்தார். முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டை வெட்டிவிடும் பிரேக்கர் ஒன்றைப் பொருத்தினார். போகும்போது, "தண்ணி வர்ற வழியை அடைங்க ஸார். அதை விட்டுட்டு இதெல்லாம் செஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றார்.

அன்றைக்குத்தான் யோசித்தேன். மெஷின் பிழியும்போது நிமிஷத்துக்கு எழுநூறு சுற்று சுற்றுகிறது. பலகை நடுங்குகிறது, சுவர் நடுங்கவில்லை. நடுவில் சிமென்ட்டை வைத்தால் அது பாவம், எந்தப் பக்கம் போகும்? உடையத்தான் செய்யும். அங்கே வேண்டியது ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும் சரக்கு. சிலிக்கான் சீலன்ட்! 1969-ல் நிலாவில் இறங்கியவர்களின் பூட்ஸ் அடிப்பாகமே சிலிக்கான் ரப்பர்தான். நம்ம கொல்லைப்பக்கம் தாங்காதா?

காரைக்கால் ஹார்டுவேர் கடையில், "வினிகர் வாசனை அடிக்கிறதா, அடிக்காததா?" என்று கேட்டார்கள். வாசனை அடிப்பது காயும்போது அமிலம் விடும். சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் அது ஆகாது. வாசனையில்லாத, பூஞ்சை பிடிக்காத ரகமாக வாங்கினேன். கூடவே துப்பாக்கி ஒன்று, மாஸ்கிங் டேப், சந்தில் திணிக்க ஃபோம் கயிறு.

வேலையில் முக்கால்வாசி சுரண்டுவதுதான். பழைய சிமென்ட், எம்-சீல், சோப்புப் பிசுக்கு எல்லாம் போக வேண்டும். அதற்குப் பிறகு ஈரம் காய வேண்டும். டேபிள் ஃபேனை வைத்து இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். இரண்டு நாளும் மனைவி கிணற்றடியில் துவைத்தபடி என்னை முறைத்தாள். பிறகு ஃபோம் கயிற்றை உள்ளே திணித்து (ஆழமெல்லாம் சிலிக்கானை ரொப்பினால் காசும் தண்டம், இழுபடவும் இழுபடாது), இரண்டு ஓரமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பாக மருந்தை விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு தடவு. ஏடு படிவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். சிங்க்கைச் சுற்றியும் அதே வைத்தியம். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் காட்டக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிலிக்கான் இறுகுவதே காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான். பீரோவைத் துருப்பிடிக்க வைத்த எங்கள் ஊர்க் கடல்காற்று, முதல் தடவையாக எனக்கு ஒத்தாசை செய்தது!

டியூபில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கை சும்மா இருக்குமா? மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த சந்தையும் அடைக்கக் குனிந்தேன். மனைவி துப்பாக்கியைப் பிடுங்கினாள். "அது ஆடுற மெஷின். அதுக்கு இடம் வேணாமா? நாளைக்கு ரிப்பேர்னா வெளியே இழுக்கவும் வேணாமா?"

மழைக்காலம் ஒன்று போய்விட்டது. சுவர் காய்ந்துதான் கிடக்கிறது. புது அலமாரிக் கதவும் ஒழுங்காக மூடுகிறது. வரும் வெள்ளிக்கிழமை பெரியப்பா வருகிறாராம், இந்தத் தடவை சம்பந்தி வீட்டாரோடு. அம்மாதான் இன்னும் நம்பவில்லை. ரப்பர் செருப்பு போடாமல் அந்தப் பக்கம் போவதே இல்லை.