ஆமைக்குஞ்சுக்கு எந்தச் செடி?

கடந்த வருடம் ஒரு விடியற்காலை, என் பேரன் கையில் வாளியோடு ஓடிவந்தான். உள்ளே ஒரு கடலாமைக் குஞ்சு. தெருவிளக்கின் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணி, ஊர்ப்பக்கம் ஊர்ந்து வந்திருந்தது.

“மூத்தம்மா, இதக் கண்ணாடித் தொட்டியில விட்டு வளர்ப்பமா? உள்ளுக்கு என்ன செடி வைக்கிற?” என்று கேட்டான். வெளிநாடுகளில் ஓணான், பல்லிகளுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் மண் பரப்பிச் செடி நடுவதைக் கைபேசியில் பார்த்திருக்கிறான்.

“இது வீட்டில வளர்க்கிற உயிரில்ல, மகன். பிடிச்சு வைக்கிறது குற்றம்” என்றேன். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடலாமைகளும் அவற்றின் முட்டைகளும் பாதுகாக்கப்பட்டவை. குஞ்சைக் கரையின் ஈர மணலில் விட்டோம். அது தானாகவே ஊர்ந்து அலைக்குள் போனது.

ஆனால் அவன் கேட்ட கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. ஆமையின் வீடு நமது கரைதான். அந்த வீட்டில் எந்தச் செடி வைப்பது? ஒருகாலத்தில் நானே பிழையான செடியை நட்டவள்.

என் கணவரை யுத்தம் கொண்டுபோனது. எஞ்சியிருந்த வீட்டை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. கூடாரத்தில் இருந்த நாட்களில் கரையில் மரம் நடும் கூலிவேலை கிடைத்தது. பொத்துவில் கரையில் சவுக்கங்கன்றுகளை அலைக்குக் கிட்டவே வரிசையாக நட்டோம். இனிக் கடல் வந்தால் இந்த மரங்கள் பிள்ளைகளைக் காக்கும் என்று நம்பி, குடிக்க வைத்திருந்த தண்ணீரிலும் பங்கு ஊற்றினேன்.

சவுக்கு வளர்ந்தது. காற்றை மறித்தது, விறகும் தந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால், உதிர்ந்த இலைகள் பாய்போல மணலை மூடின. அடியில் அடம்பன்கூட முளைக்கவில்லை.

தாய் ஆமை பின்கால்களால் மணலைத் தோண்டி, ஒரு தடவையில் சுமார் நூறு முட்டைகள் இடும். வேர் பின்னிய இடத்தில் அதனால் குழி தோண்ட முடியாது. நிழல் விழுந்தால் மணலின் சூடும் குறையும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே அந்தச் சூடுதான். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். சுனாமிக்குப் பின் சவுக்கு நடப்பட்ட தமிழ்நாட்டுக் கரையிலும் ஆய்வாளர்கள் இதே கவலையைத் தெரிவித்தனர்.

அப்படியானால் எதை நடலாம்? மணலைப் பிடித்து வைக்க அடம்பனும் இராவணன் மீசையும் போதும். அடம்பன் கொடியைக் கணுவோடு வெட்டி, மாரி தொடங்கும் ஒக்டோபரில் புதைத்தால் கணுவுக்குக் கணு வேர்விடும். அதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் வீட்டோரமாகப் பூவரசு. சவுக்கு வேண்டுமானால் அதுவும் அங்கேதான். கண்டல் களப்புச் சேற்றுக்கு உரியது. சுனாமிக்குப் பின் இடம் மாறி நட்ட கண்டல்கள் நாட்டின் பல இடங்களில் பட்டுப்போயின. அலையோரத் திறந்த மணலை ஆமைக்கு விட்டுவிடுங்கள். நடுவதற்கு முன் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

இது ஆமைக்காக மட்டுமல்ல. யாலக் கரையில் கடலழகு தெரிவதற்காக மணல்மேட்டை வெட்டியிருந்த ஒரு விடுதியைச் சுனாமி அடியோடு அழித்தது. வெட்டாத மேடுகளுக்குப் பின்னால் சேதம் குறைவு. அந்த மேட்டைக் கட்டிக் காப்பவை இந்தக் கொடிகள்தான்.

இந்த மாரிக்கு நானும் அயலிலுள்ள நான்கு பெண்களும் அடம்பன் நட்டோம். பேரன்தான் கொடி சுமந்தான். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று நமது பெரியவர்கள் சொல்வார்கள். சகோதரிகளே, தனித்து நின்று பழகிய நமக்கும் அது பொருந்தும்தானே?