சிவப்பணுவின் உள்சட்டகமும் பரம்பரைக் காமாலையும்

சவ்வும் அதன் அடியிலுள்ள வலையும்

உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்த, ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனே உள்ள மென்படலமாகும். இப்படலம் வளையும், நெளியும்; ஆனால் இழுத்தால் நீளாது. அதன் பரப்பு 3 அல்லது 4 விழுக்காட்டுக்கு மேல் விரிய நேர்ந்தால் கிழிந்துவிடும். ஆகவே அதற்கு வடிவத்தையும் வலிமையையும் தருவது, உயிரணுவினுள் புரத இழைகளால் ஆன, செல் சட்டகம் எனப்படும் அமைப்பே. இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருப்பது சிவப்பணுவில்தான். உட்கருவோ வேறு உள்ளுறுப்புகளோ இல்லாத அந்த அணுவில், சவ்வையும் அதன் அடியில் படிந்துள்ள வலையையும் பிரித்தெடுத்துப் பார்ப்பது ஆய்வாளர்களுக்கு எளிதாக இருந்தது.

சுமார் 8 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள சிவப்பணு, தன்னைவிடக் குறுகிய தந்துகிகளினூடே நுழைந்து வெளிவர வேண்டியிருக்கிறது. மண்ணீரலிலோ, ஒரு மைக்ரோமீட்டர் அளவே அகலமுள்ள பிளவுகளின் வழியாகத் தன்னைப் பிதுக்கிக்கொண்டு கடக்க வேண்டும். இருபுறமும் குழிந்த தட்டு வடிவம் இதற்கு இடம் தருகிறது. சிவப்பணுவின் கன அளவை அப்படியே ஒரு கோளத்தில் அடைக்கத் தேவைப்படும் பரப்பைவிட, அதன் சவ்வின் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு மிகையாக உள்ளது. இந்த மிகைப் பரப்பே அதன் நெகிழ்ச்சிக்கு மூலதனம். உட்கரு இல்லாததால் புதிய புரதத்தையோ சவ்வையோ ஆக்கிக்கொள்ள இயலாத சிவப்பணு, இழந்த பரப்பை ஈடுசெய்ய வழியில்லாமல், இருப்பதைக் காத்துக்கொண்டுதான் தன் 120 நாள் வாழ்நாளைக் கழிக்கிறது.

இருவகைப் பிணைப்புகள்

அந்தப் பரப்பைக் காப்பது ஸ்பெக்ட்ரின் என்னும் நீண்ட, சுருங்கி விரியக்கூடிய புரதமாகும். ஆல்ஃபா, பீட்டா எனும் இருவகை இழைகள் முறுக்கிக்கொண்டு, பின் முனையோடு முனை சேர்ந்து, சவ்வின் உட்புறமெங்கும் பெரும்பாலும் அறுகோண ஒழுங்கில் அமைந்த வலையாகப் பரவுகின்றன. வலையின் முடிச்சு ஒவ்வொன்றிலும் ஆக்டின் எனும் புரதத்தின் மிகக் குட்டையான இழையொன்று இருக்க, 5 அல்லது 6 ஸ்பெக்ட்ரின் இழைகள் 4.1 என்ற எண்ணால் அழைக்கப்படும் புரதத்தின் துணையோடு அதில் வந்து சேர்கின்றன.

வலை மட்டும் இருந்தால் போதாது. அது சவ்வோடு கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். சவ்வை ஊடுருவி நிற்கும் ‘பேண்ட் 3’ எனும் புரதத்தையும் ஸ்பெக்ட்ரினையும் ஆங்கிரின் என்ற புரதம் இணைக்கிறது. கரியமில வாயு இரத்தத்தில் எடுத்துச் செல்லப்படுவதற்கு இன்றியமையாத பைகார்பனேட், குளோரைடு அயனிகளின் பரிமாற்றத்தை நிகழ்த்துவதும் இந்தப் பேண்ட் 3தான் என்பதால், வாயிலும் நங்கூரமும் ஒரே மூலக்கூறாக அமைந்திருப்பது வியப்புக்குரியது.

மேற்சட்டைக்குள் உள்துணி வைத்துத் தைத்தாற்போன்ற இந்த அமைப்பில் இருவகைப் பழுதுகள் நேரலாம். உள்துணியின் நெசவே தளர்வது ஒன்று. இரண்டையும் சேர்க்கும் தையல் விடுவது மற்றொன்று. ஸ்பெக்ட்ரின் இழைகள் தமக்குள் சரிவர இணையாத முதல்வகைப் பழுதில், நீண்ட சிவப்பணு பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் நீள்வட்டமாகவே நின்றுவிடுகிறது; இத்தகையோரில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லை ஏதும் இருப்பதில்லை. இரண்டாம் வகையே கவலைக்குரியது.

பரப்பு குறையும் சிவப்பணு

ஆங்கிரின், பேண்ட் 3, ஸ்பெக்ட்ரின், 4.2 என்ற எண்ணால் அழைக்கப்படும் மற்றொரு புரதம் ஆகியவற்றுள் ஒன்று மரபணுக் குறைபாட்டால் போதிய அளவு உருவாகாவிட்டால், பிடிப்பிழந்த சவ்வுப் பகுதிகள் நுண்குமிழ்களாக உதிர்கின்றன. கன அளவு ஏறத்தாழ அப்படியே இருக்க, பரப்பு மட்டும் குறைந்துகொண்டே வருவதால் சிவப்பணு மெல்ல மெல்ல உருண்டையாகிறது. உருண்டை வளையாது; மண்ணீரலின் பிளவுகளைக் கடக்க முடியாமல் அங்கேயே சிக்கி அழிகிறது. பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய் எனப்படும் இது வட ஐரோப்பிய மரபினரிடம் சுமார் 2,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுவதாகக் கணிக்கப்பட்டாலும், பிற மக்களிடமும் உள்ளது. நான்கில் மூன்று பங்கு குடும்பங்களில், பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருந்தாலே, ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு.

அழியும் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் எனும் மஞ்சள் நிறமி மிகுதியாக உருவாவதால், இரத்தசோகையோடு கண் மஞ்சளும் தோன்றுகிறது. காமாலை என்றதும் கல்லீரலையே குற்றஞ்சாட்டிப் பத்தியம் இருப்பது நம்மிடையே வழக்கம். இந்நோயிலோ கல்லீரலில் பழுதில்லை, அது தன் கொள்ளளவுக்கு மேல் வேலை செய்கிறது, அவ்வளவே. பிறந்த சில நாட்களில் கடுமையான காமாலை, வீங்கிய மண்ணீரல், இளவயதிலேயே பித்தப்பைக் கற்கள், குடும்பத்தில் எவருக்கேனும் மண்ணீரல் அகற்றப்பட்ட வரலாறு ஆகியவை ஐயத்தை எழுப்ப வேண்டிய குறிகள். அழியும் அணுக்களின் இரும்பை உடல் மீண்டும் பயன்படுத்திக்கொள்வதால், பரிசோதனையில் குறைபாடு தெரிந்தாலன்றி இரும்புச்சத்து மாத்திரையால் இந்த இரத்தசோகை தீராது.

பார்வோ வைரஸ் பி19 தொற்று இவர்களுக்குத் தனி அபாயம். புதிய சிவப்பணு உற்பத்தியை அது ஒரு வாரமளவுக்கு நிறுத்திவிடுகிறது. மற்றவர்கள் அதை உணர்வதேயில்லை, ஆனால் நாள்தோறும் அணுக்களை விரைந்து இழப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சட்டென்று சரிந்து, இரத்தம் ஏற்றவேண்டிய நிலை வரலாம்.

இனங்காணலும் சிகிச்சையும்

நுண்ணோக்கியில் நடுவெளிறல் இல்லாத உருண்டை அணுக்கள் தென்படுவதும், ரெட்டிக்குலோசைட் எனப்படும் இளஞ்சிவப்பணுக்கள் மிகுந்திருப்பதும் முதல் தடயங்கள். உடலின் எதிர்ப்பொருள்களே சிவப்பணுக்களைத் தாக்கும் நோயிலும் இதே தோற்றம் வருவதால், கூம்ப்ஸ் பரிசோதனை செய்து அதை விலக்குவது அவசியம். பேண்ட் 3 புரதத்தில் ஒட்டும் ஒளிர்சாயத்தின் அளவைக் கணக்கிடும் இஎம்ஏ பரிசோதனை, சவ்வுக் குறைபாட்டை நேரடியாகவே காட்டிவிடுகிறது.

லேசான நோய்க்குக் கண்காணிப்பு போதும். ஓரளவு கடுமையானதாயின், விரைந்த உற்பத்திக்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் தரப்படுகிறது. கடும் நோயில் மண்ணீரலை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றினால் இரத்தசோகை பெரிதும் குறைகிறது. அறுவைக்குப் பின்னும் அணுக்கள் உருண்டையாகவே இருக்கின்றன. ஆங்கிரினோ ஸ்பெக்ட்ரினோ திரும்ப வருவதில்லை, அணுக்களைச் சிக்கவைத்த இடம் மட்டுமே நீங்குகிறது. மண்ணீரல் இல்லாதவர்களை நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்துக்குள் உயிராபத்துக்குக் கொண்டுபோகக்கூடும் என்பதால், இயன்றவரை 6 வயதுக்குப் பின்னரே அறுவை செய்யப்படுகிறது. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி தடுப்பூசிகள் அதற்குச் சில வாரங்கள் முன்பே போடப்பட வேண்டும். அதன்பின் எந்த வயதில் காய்ச்சல் வந்தாலும் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, மண்ணீரல் அகற்றப்பட்ட செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும்.