தாது எந்த மண்ணிலிருந்து வந்தது?

மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி சாலையோரம் வாகனத் தொழிலின் ஆலைகள் பல உள்ளன. இன்றைய வாகனம் மின்னணுப் பாகங்கள் இல்லாமல் ஓடாது. அவற்றைச் சால்டரிங் செய்ய வெள்ளீயம் வேண்டும். சிலவகை கெபாசிட்டர்களுக்கு டான்டலம் வேண்டும். இவ்விரண்டின் தாதுக்களும் கிழக்கு காங்கோவில் தோண்டப்படுகின்றன. அங்கே ரூபாயா சுரங்கப் பகுதியை 2024இல் எம்23 ஆயுதக் குழு கைப்பற்றியது. டான்டலத் தாதுவான கோல்டானுக்கு வரி விதித்தே அக்குழு மாதம் சுமார் 8 லட்சம் டாலர் திரட்டியதாக ஐ.நா. நிபுணர்கள் மதிப்பிட்டனர்.

ஆயுதக் குழுக்களுக்குச் செல்லும் இத்தகைய பணவரவை அடைக்க, தாதுவின் மூலத்தை நிறுவனங்கள் வெளியிடக் கோரும் டாட்-பிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவை அமெரிக்கா 2010இலேயே கொண்டுவந்தது. வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றின் மூலத்தை ஆராய்ந்து இறக்குமதி செய்ய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவோ பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டும் கிம்பர்லி சான்றிதழ் கேட்கிறது. இந்த நான்குக்கும் அப்படியொரு சட்டக் கடமை இல்லை. அதனால் அயல்நாட்டு வாடிக்கையாளர் கேட்டால் விவரம் திரட்டப்படும். உள்நாட்டில் விற்கும் பொருளுக்குக் கேட்பாரில்லை. இந்தக் கடமையை நாமும் சட்டமாக்க வேண்டும்.

கெடுபிடி ஏழைச் சுரங்கத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் என்பது நியாயமான அச்சம். 2010 செப்டம்பரில் காங்கோ அரசு கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலையையே நிறுத்தியபோது பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. ஆகவே ஒரு நாட்டின் தாதுவையே ஒதுக்குவது தீர்வாகாது. எந்தச் சுரங்கம், யார் கையில் என்று பார்த்து வாங்குவதே தீர்வு. சிறு உதிரிபாகப் பட்டறைக்கு இது சுமையாகும் என்பார்கள். சுரங்கங்களும் பட்டறைகளும் ஏராளம். இடையில் உள்ள உருக்காலைகள் குறைவு. சோதனையை அங்கே நடத்தினால், உருக்காலையின் பெயரைக் கேட்டுப் பதிவுசெய்வதோடு பட்டறையின் வேலை முடியும்.

சான்றிதழையே போலியாக்கலாமே என்பதுதான் வலுவான மறுப்பு. ரூபாயாவின் தாது ருவாண்டாவின் தாதுவோடு கலக்கப்பட்டதை ஐ.நா. நிபுணர்களே பதிவு செய்திருக்கிறார்கள். காகிதத்தில் உள்ள விதி மட்டும் போதாது என்பதை நம் கடற்கரையும் சொல்கிறது. தென்மாவட்டங்களின் தாதுமணல் தொழிலைத் தமிழக அரசு 2013இல் தடைசெய்தது. ஆனாலும் முறைகேடுகளைச் சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட வேண்டியிருந்தது. எனவே சட்டத்தோடு, நிறுவனத்தின் காசில் வாழாத தணிக்கையாளரும், தாதுவின் அளவை ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிடும் கணக்கும் வேண்டும். சுரங்கம் தரக்கூடியதைவிட அதிகத் தாது அதன் பெயரில் உருக்காலைக்கு வந்தால், அந்த எண்ணே பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.