மெல்லக் கனலும் குச்சி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஊதுபத்தி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், வெள்ளிக்கிழமை விளக்கு, மௌலூது ஓதும் சபை என்று எல்லாவற்றுக்கும் கட்டுக்கட்டாக வாங்குகிறோம். அதை வீட்டு விறாந்தையில் இருந்தே செய்துவிடலாம். மின்சாரம் தேவையில்லை. ஒரு பலகை, ஒரு சல்லடை, ஒரு தாம்பாளம் போதும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009 வரை நீண்ட போரும் இந்தக் கரையில் பல குடும்பங்களின் பொறுப்பைப் பெண்களிடமே விட்டுச் சென்றன. பிள்ளையையும் அடுப்பையும் விட்டு நகர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் இப்படியான தொழில் ஒரு பிடிமானம்.

இதைக் கற்றுக்கொடுக்கும்போது பெரும்பாலும் அளவுகளை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் சரக்கு மாறினாலும் கை தடுமாறாது.

கோயிலில் தூபக்காலைப் பார்த்திருப்பீர்கள். தணல் ஒரு பக்கம், அதன்மேல் தூவும் சாம்பிராணி மறுபக்கம். ஊதுபத்தி என்பது இந்த இரண்டையும் ஒரே குச்சியில் சேர்த்த தூபக்கால். நுனியைப் பற்றவைத்துச் சுவாலையை அணைத்ததும் உள்ளிருக்கும் கரி சுவாலையின்றிக் கனலத் தொடங்குகிறது. கனலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பகுதி சூடேறுகிறது. அங்குள்ள வாசனை எண்ணெய்கள் எரிவதற்கு முன்பே ஆவியாகி வெளியேறிவிடுகின்றன. நாம் முகர்வது அந்த ஆவியைத்தான். கனல் வேகமாக நகர்ந்தால் வாசனையும் சேர்ந்து கருகும். மிக மெதுவாக நகர்ந்தால் கனல் அணைந்துவிடும். ஊதுபத்தித் தொழிலின் நுட்பமெல்லாம் இந்த வேகத்தைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது.

அதற்கு முதல் தேவை கரி. விறகாக இருந்தபோது புகையையும் காரத்தையும் தந்த பொருட்கள் கரியாகும்போதே பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன. அதனால் நன்கு வெந்த கரி அதிக மணமின்றிக் கனலும். நாம் சேர்க்கும் வாசனையை மறைக்காது. நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரியே இதற்குப் போதும். அரைவேக்காட்டுக் கரி வேண்டாம். இடித்து, மெல்லிய துணியில் சலித்த தூளாக இருக்க வேண்டும். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தேவை பசை. இந்தியச் சந்தையில் இதை ஜிகட் என்பார்கள். லிட்சியா, மாக்கிலஸ் இனங்களைச் சேர்ந்த மரங்களின் பட்டையை உலர்த்தி அரைத்த தூள் அது. பட்டையிலுள்ள கொழகொழப்பான பொருள் நீரில் ஊறிக் கரித்தூளைப் பிணைக்கும், உலர்ந்ததும் இறுகும், எரியும்போது மரத்தைப் போலவே எரியும். ஒட்டும் தன்மை இதைவிடக் கூடிய பசைகள் உண்டு. அவை எரிந்தால் நாறும் என்பதால்தான் இந்தத் தொழில் மரப்பட்டையையே நம்பி நிற்கிறது.

தொடங்குபவர்கள் கரித்தூள் 500 கிராம், ஜிகட் 250 கிராம், சலித்த மரத்தூள் 250 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசையுங்கள். உருண்டையை விரலால் அழுத்தினால் விளிம்பு வெடிக்கவும் கூடாது, கையில் ஒட்டவும் கூடாது. அதுதான் பதம். சிறிது நேரம் ஈரத்துணியால் மூடிவைத்தால் பட்டைத்தூள் முழுவதும் ஊறும்.

சிறு உருண்டையைப் பலகையில் வைத்து, அதன்மேல் எட்டு அங்குல மூங்கில் குச்சியை அழுத்தி, உள்ளங்கையால் முன்னே தள்ளி உருட்ட வேண்டும். மாவு குச்சியைச் சுற்றி ஏறி நுனிவரை பரவும். அடியில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வெறுமையாக விடுங்கள். பிறகு உலர்ந்த தூளில் ஒருமுறை புரட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. கையின் அழுத்தம்தான் இங்கே எல்லாம். இறுக்கி உருட்டினால் துகள்களுக்கு இடையே காற்று நுழைய வழியின்றிக் கனல் பாதியில் அணையும். தளர்வாக உருட்டினால் சீக்கிரம் எரிந்து உதிரும். ஒரு பக்கம் தடித்திருந்தால் கனல் சரிந்து ஓடும். இந்தக் குறைகளை மறைக்கச் சிலர் வெடியுப்புச் சேர்ப்பதுண்டு. வெடியுப்புத் தானே ஒட்சிசனைக் கொடுத்துக் கனலை விரட்டும். அழுத்தம் சீராக இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

உலர்த்துவதில் நம் ஊர்க் காற்றை அறிந்திருக்க வேண்டும். ஆடிக்கு முன்பின்னாக வீசும் கச்சான் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு சூடாகிக் கிழக்கே வருகிறது. அதில் நேராக வைத்தால் மேற்பரப்பு முந்தி உலர்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பத்தி வெடிக்கும். வாசனையும் பறந்துவிடும். மாரி காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து பூஞ்சணம் பிடிக்கும். எந்தக் காலமானாலும் நிழலில், காற்றோட்டமான இடத்தில், பரப்பி வைத்துத் திருப்பிவிடுவதே நல்லது.

வாசனை சேர்க்க இரு வழிகள் உண்டு. வெறும் கரிப்பத்தியை உலர்த்திய பின், கரைப்பானில் கலந்த செயற்கை வாசனைத் திரவியத்தில் தோய்த்து எடுப்பது ஒன்று. இந்தக் கரைப்பான் பெரும்பாலும் டைஎத்தில் தாலேட் என்ற இரசாயனம். வாசனைப் பொருட்களைத் தூளாக்கி மாவிலேயே கலந்து உருட்டுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் எல்லா மணமும் நிற்காது. எலுமிச்சைத் தோலின் மணம் இலேசான மூலக்கூறுகளால் ஆனது, உலரும்போதே போய்விடும். சந்தனம், வெட்டிவேர் ஆகியவற்றின் மூலக்கூறுகள் பாரமானவை. சூடு தொடும்வரை தங்கியிருக்கும். சாம்பிராணிப் பிசினும் அப்படியே. இவற்றோடு கறுவாத்தூள் கொஞ்சம் சேர்ந்தால் நம் நாட்டுக்கே உரிய மணம் கிடைக்கும்.

கையால் உருட்டிய ஊதுபத்திக்குப் பெயர்பெற்ற ஊர் மைசூர். 1948இல் ரங்கராவ் அங்கே தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சைக்கிள் ஊதுபத்தி. கர்நாடகத்தில் ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தே உருட்டிக் கொடுத்தார்கள். பின்னர் இயந்திரங்களும், வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மலிவுச் சரக்கும் அவர்களின் வேலையைக் குறைத்தன. 2019 ஆகஸ்டில் இந்தியா ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2020 ஜூனில் மூங்கில் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ, பட்டைக்காக உரிக்கப்பட்ட மரங்கள் பட்டுப்போய் அருகிவருகின்றன. உருட்டும் கை இருந்தும் குச்சியும் பட்டையும் இல்லாவிட்டால் தொழில் நிற்கும் என்பதே அங்கிருந்து நாம் கற்க வேண்டியது. 2022இன் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் நாமும் அதை அனுபவித்தோம். மூங்கிலை இப்போதே நட வேண்டும். மண்ணைப் பிடித்து நிறுத்தும் வெட்டிவேரைக் குளக்கட்டில் நட்டால் வேருக்காகப் பிடுங்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள்; விற்பனைக்கானதை வேலியோரம் மண் நிரப்பிய சாக்குகளில் வளர்க்கலாம்.

புகையைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். 2008இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, ஒரு கிராம் ஊதுபத்தி எரியும்போது 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவருவதாகவும், சிகரெட்டில் அது சுமார் 10 மில்லிகிராம் என்றும் குறிப்பிட்டது. இயற்கைப் பொருள் என்பதால் புகை தீங்கற்றதாகிவிடாது. யன்னலைத் திறந்து வைத்து ஒரு குச்சி மட்டும் ஏற்றுங்கள். தொய்வு நோயாளர், கைக்குழந்தை இருக்கும் அறையில் ஏற்றவே வேண்டாம்.

நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் தள்ளும் இயந்திரத்தோடு எண்ணிக்கையில் போட்டியிட நம்மால் முடியாது, தேவையுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் சொல்ல உருட்டியவரால் முடியும். ஆகவே உறையின் மேல் சேர்ந்த பொருட்களையும், எரித்துப் பார்த்துக் குறித்த நேரத்தையும், மேலே சொன்ன எச்சரிக்கையையும் எழுதுங்கள். வெடியுப்பும் கரைப்பானும் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அந்த நான்கு வரிகளை நம்பி வாங்குபவர் அடுத்த முறையும் உங்களையே தேடி வருவார்.