பனிச்சறுக்கில் சுண்டுவிரல் வேலை! வினாடிக்கு ஒரு திருப்பம்

கீழப்பாவூரில் பனிமலை ஏது? பெரிய குளமும் வயலும்தான். ஆனால் குற்றாலத்துப் பாசிப் பாறையில் பாதத்தைச் சாய்த்து ஊன்றித் தப்பியவர்களுக்கு இந்தச் சங்கதி சட்டுன்னு புரியும்.

2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிப் கான். காஷ்மீர் குல்மார்க் பகுதிக்காரர். 4 வயதிலேயே சறுக்கப் பழகியவர். "ஜயண்ட் சலாலம்" பந்தயத்தில் 45-வது இடம் பிடித்தார். மூன்று நாள் கழித்து "சலாலம்". முதல் ஓட்டத்தையே முடிக்க முடியவில்லை!

அவ்வளவு கஷ்டமா?

நட்டு வைத்த கம்பங்களை இடம், வலமாகச் சுற்றி இறங்குவதுதான் சலாலம். தங்கம் வாங்கிய பிரான்ஸ் வீரர் கிளெமான் நோயல் 2 ஓட்டத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 44 வினாடி. வினாடிக்கு ஒரு திருப்பமாவது போட்டாக வேண்டும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சறுக்குப் பலகையின் ஒரு ஓரத்து இரும்பு பனியை விட்டு, மறு ஓரம் கடிக்கணும். உடம்பைத் திருப்பிக்கொண்டிருந்தால் நேரம் போச்சு!

பயிற்சி இதுதான்

வலப்பக்கம் திரும்ப, முதலில் வலது பாதத்தைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். இடது பாதம் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து கூடவே வரும். முழங்கால் அப்புறம். தோள் அசையக்கூடாது. பனியில் விழும் தடம் ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடாக இருக்கணும். சரிவு குறைந்த இடத்தில் மெதுவாகப் பழகி, பிறகு வேகத்தைக் கூட்டுவார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வீட்டிலும் செய்து பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் கெஞ்சும்!